கொடியும் கயிறும்

சேந்தமங்கலம் கடைவீதியில் ஒரு புத்தகக் கடை வாசலில், உலகத்துத் தேசக் கொடிகளையெல்லாம் கட்டங் கட்டமாக அச்சடித்த ஒரு சுவர்ப்படம் தொங்குகின்றது. சென்ற வாரம் நாம் அவ்வழியே போகும்போது, ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் அதன் முன் நின்று, ஒவ்வொரு கட்டத்திலும் விரலை வைத்து, “இது ஜப்பான், இது கனடா, இது பிரேசில், இது நேபாளம்” என்று மளமளவென்று ஒப்பித்துக் கொண்டிருந்தான். சுற்றி நின்ற பெரியவர்கள் வாயைப் பிளந்து கொண்டு கேட்டார்கள். நாமும் கேட்டோம். ஒன்றும் தப்பவில்லை.

நாம் அவனை அருகில் அழைத்து, “தம்பி! இலங்கைக் கொடியில் சிங்கத்துக்குப் பக்கத்தில் பச்சையாய் ஒரு பட்டையும் காவியாய் ஒரு பட்டையும் இருக்கின்றனவே, அவை ஏன்?” என்று கேட்டோம். பையன் விழித்தான். “நம் கொடியின் நடுவில் இருக்கும் சக்கரம் எங்கிருந்து வந்தது?” என்றோம். அதற்கும் விழித்தான். “அதெல்லாம் பரீட்சையில் கேட்கமாட்டார்கள் ஐயா” என்றான்.

பையன் மீது குற்றமில்லை. மந்திரத்தின் பொருள் தெரியாமல் மந்திரத்தைச் சொல்லுவதும், புராணத்தின் யோக்கியதை தெரியாமல் புராணத்தைப் படிப்பதும்தானே இந்நாட்டில் படிப்பு என்று ஆயிரக்கணக்கான வருஷங்களாக இருந்து வந்திருக்கின்றது? கொடியையும் அப்படியே மந்திரமாக்கி விட்டார்கள். ஆகவே கொடி என்பது என்ன, அதை எப்படி அடையாளம் கண்டுகொள்வது, கண்டுகொண்ட பிறகு அதனிடம் என்ன கேள்வி கேட்பது என்பவைகளைப் பற்றி இந்த வாரம் நாலு வார்த்தை எழுதலாம் என்று நினைக்கிறோம்.

கொடி எதற்கு?

கொடி என்பது அடையாளம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. சண்டைக் களத்தில் புழுதி கிளம்பி, எவன் நம்மவன், எவன் மாற்றான் என்று தெரியாமல் போகும்போது தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று கோலில் துணியைக் கட்டி உயர்த்தினார்கள். கடலிலே எதிர்ப்படும் கப்பல் எந்த ராஜாவினுடையது என்று தெரியட்டும் என்று பாய்மரத்தின் உச்சியில் கட்டினார்கள். சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன், சேரனுக்கு வில் என்று நம்மவர்கள் வைத்துக் கொண்டதும் இதற்காகவேதான். இது மனிதனுடைய புத்தி கண்டுபிடித்த ஒரு சவுகரியம்.

இந்தச் சவுகரியத்தை நம் புராணிகர்கள் கடவுள்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். சிவனுக்கு எருதுக்கொடியாம், விஷ்ணுவுக்குக் கருடக்கொடியாம், முருகனுக்குச் சேவற்கொடியாம், மன்மதனுக்கு மீன்கொடியாம், மூதேவிக்குக்கூடக் காக்கைக் கொடியாம்! எல்லாம் அறிந்த கடவுள்களுக்கு ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளக் கொடி எதற்கு? முக்கண் உடையவர் எதிரே வருகிறவர் யார் என்று கொடியைப் பார்த்துத்தான் தெரிந்து கொள்ள வேண்டுமா? மனிதன் தனக்கு வேண்டியதையெல்லாம் கடவுளுக்கும் வேண்டும் என்று எண்ணிக் கடவுளைத் தன்னைப் போலவே செய்து வைத்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இது நம் நாட்டுப் பைத்தியம் மாத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். டென்மார்க் நாட்டின் கொடி சிவப்புத் துணியில் வெள்ளைச் சிலுவை. இந்தக் கொடி 1219-ஆம் வருஷம் எஸ்தோனியாவில் நடந்த ஒரு யுத்தத்தின்போது வானத்திலிருந்து விழுந்ததாக அந்நாட்டார் கதை சொல்லுகிறார்கள். நம்மூரில் சுயம்புலிங்கம் முளைத்தால், அவர்களூரில் சுயம்புக்கொடி விழுகிறது! வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் இன்றைக்கு அதைக் கதை என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். நாம் நம்முடையதற்குத் தேர் இழுக்கிறோம்.

எப்படி அடையாளம் காண்பது?

ஐக்கிய நாடுகள் சபையில் மாத்திரம் இன்றைக்கு 193 நாடுகள் அங்கமாயிருக்கின்றன. இத்தனை கொடிகளையும் நெட்டுருப் போட வேண்டியதில்லை. மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும்: நிறம் எது, துணி எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது, அதன் மேல் என்ன சின்னம் இருக்கிறது. இவைகளைக் கொண்டு கொடிகளைக் குடும்பங் குடும்பமாகப் பிரித்துவிடலாம்.

நடுவிலிருந்து கம்பத்துப் பக்கம் சற்றே ஒதுங்கிய சிலுவை இருந்தால் டென்மார்க், சுவீடன், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து என்னும் வடநாட்டுக் குடும்பம். மூன்று சிலுவைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்தால் அது பிரிட்டிஷ் கொடி. 1606-இல் இங்கிலாந்தின் சிலுவையையும் ஸ்காட்லாந்தின் சிலுவையையும் சேர்த்தார்கள். 1801-இல் அயர்லாந்தின் பெயரால் இன்னொன்றையும் சேர்த்தார்கள். அந்தக் கொடி ஒரு மூலையில் ஒட்டிக் கொண்டிருந்தால் அந்நாடு முன்னாளில் வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தது என்று தெரிந்து கொள்ளலாம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்றும் வைத்திருக்கின்றன. கனடா 1965-இல் அதை எடுத்துவிட்டு ஒரு மரத்தின் இலையை வைத்துக் கொண்டது. கடவுளும் வேண்டாம், ராஜாவும் வேண்டாம், எங்கள் காட்டு இலை போதும் என்றார்கள். நல்ல புத்தி!

பிறையும் நட்சத்திரமும் இருந்தால் துருக்கி, பாகிஸ்தான் முதலிய முஸ்லிம் நாடுகள் என்று பெரும்பாலும் சொல்லலாம். ஆனால் பிறை இருந்தாலே முஸ்லிம் நாடு என்று எண்ணினால் ஏமாந்து போவீர்கள். நம் தமிழ் மக்கள் வாழும் சிங்கப்பூரின் கொடியிலும் பிறை உண்டு. அங்கே அதற்கு ‘வளரும் இளம் நாடு’ என்று பொருள் சொல்லி, பக்கத்தில் உள்ள ஐந்து நட்சத்திரங்களுக்கு ஜனநாயகம், சமாதானம், முன்னேற்றம், நீதி, சமத்துவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூன்று நிறங்கள் நெட்டாக நின்றால் பிரான்சின் வழி. 1789-ஆம் வருஷப் புரட்சியில் பாரிஸ் நகரத்தின் நீலமும் சிவப்பும், ராஜாவின் வெள்ளையும் சேர்ந்து உண்டான நிறங்கள் அவை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றும் கூடி வந்தால் அநேகமாக ஆப்பிரிக்கா. 1957-இல் விடுதலை பெற்ற கானா நாடு அந்த நிறங்களோடு நடுவில் ஒரு கறுப்பு நட்சத்திரத்தை வைத்தது. கறுப்பு என்று எந்த நிறத்தைச் சொல்லி வெள்ளையன் இழிவு செய்தானோ, அந்த நிறத்தையே நடுமையத்தில் நட்சத்திரமாக வைத்துக் கொண்டார்கள். அமெரிக்காக் கொடியின் 13 கோடுகள் முதலில் கூடிய 13 மாகாணங்களுக்கு, 50 நட்சத்திரங்கள் இப்போதுள்ள மாகாணங்களுக்கு. இவ்வளவு தெரிந்தால் சுவர்ப்படத்தில் முக்கால் பங்கு முடிந்தது.

ஒன்றுபோல் இருக்கும் கொடிகளும் உண்டு. மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்றால் இந்தோனேசியாவும் மொனாக்கோவும். நீள அகல அளவு மாத்திரம் வேறு. தலைகீழாக்கினால் போலந்து. நம் கொடி போலவே காவி நிறம், வெள்ளை, பச்சை என்று படுக்கையாக இருந்து, நடுவில் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு ஆரஞ்சு வட்டம் இருந்தால் அது ஆப்பிரிக்காவிலுள்ள நைஜர். 1936-இல் பெர்லின் நகரத்தில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது ஹைத்தி நாட்டுக் கொடியும் லீச்சென்ஸ்டைன் நாட்டுக் கொடியும் ஒன்றாகவே இருப்பதை இரண்டு நாட்டாரும் அங்கேதான் கண்டார்கள்! மறு வருஷம் லீச்சென்ஸ்டைன் தன் கொடியில் ஒரு கிரீடத்தை வைத்துக் கொண்டது. ஒரே துணி இரண்டு நாட்டுக்குக் கொடியாயிருக்க முடியுமென்றால், அந்தத் துணிக்குள் எந்தத் தெய்வீகமும் இல்லை என்பது விளங்கவில்லையா?

நிறத்துக்குப் பின்னால்

நிற்க. இவ்வளவும் தெரிந்துகொண்டால் கொடியைக் கண்டு நாட்டின் பெயரைச் சொல்லலாம். நாட்டின் யோக்கியதையைச் சொல்ல முடியாது. அதற்கு வேறு கேள்வி கேட்க வேண்டும்: இந்தக் கொடியில் யாரைச் சேர்த்திருக்கிறார்கள்? சேர்த்தவனுக்கு நாட்டில் என்ன கொடுத்திருக்கிறார்கள்?

மேலே சொன்ன ஹைத்தியை எடுத்துக் கொள்வோம். பிரெஞ்சு முதலாளிகளின் கரும்புத் தோட்டங்களில் சாட்டையடி பட்டு உழைத்த நீக்ரோ அடிமைகள் கிளர்ந்தெழுந்து, 1804-இல் சுதந்திர நாடாக்கிக் கொண்ட தீவு அது. 1803-இல் அவர்களது தலைவர் தெசலின் என்பவர், பிரெஞ்சுக் கொடியின் நடுவிலிருந்த வெள்ளையைக் கிழித்தெறிந்துவிட்டு, மீதி நீலத்தையும் சிவப்பையும் சேர்த்துத் தைக்கச் செய்தார் என்று சொல்லுவார்கள். அந்தக் கொடி ‘எங்களுக்கு எஜமானன் வேண்டாம்’ என்று சொல்லிற்று.

அயர்லாந்தின் கொடியில் பச்சை கத்தோலிக்கருக்கு, ஆரஞ்சு பிராட்டஸ்டண்டுகளுக்கு, நடுவில் வெள்ளை இருவருக்கும் சமாதானத்துக்கு. எண்ணம் மிக உயர்ந்ததுதான். ஆனால் 1921-இல் மதத்தின் பெயரால் அந்தத் தீவு இரண்டாக்கப்பட்டது. துணியிலே ஒன்றாகத் தைத்தவர்களை மதம் மண்ணிலே இரண்டாக வெட்டிற்று.

இனி, பையனிடம் கேட்ட இலங்கை. 1948-இல் சுதந்திரம் வந்தபோது வாளேந்திய சிங்கக்கொடியை ஏற்றினார்கள். தமிழரும் முஸ்லிம்களும் ‘எங்களுக்கு இதில் என்ன அடையாளம்?’ என்று கேட்கும் நிலை வந்தது. 1951-இல் முஸ்லிம்களுக்கென்று ஒரு பச்சைப் பட்டையும், தமிழருக்கென்று ஒரு காவிப் பட்டையும் சேர்த்தார்கள். பிறகு 1972-இல் சிங்கத்தைச் சுற்றி நான்கு மூலைகளிலும் அரசிலைகளை வைத்தார்கள். கொடியை உற்றுப் பாருங்கள். சிங்கம் தனக்கென்று ஒரு கட்டத்துக்குள் நிற்கிறது. பட்டைகள் இரண்டும் அந்தக் கட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. பட்டை கொடுத்த ஐந்தாவது வருஷம், 1956-இல், சிங்களம் மாத்திரமே ஆட்சி மொழி என்று சட்டம் செய்தார்கள். கொடியில் இடம் கொடுத்தார்கள், கச்சேரியில் இடம் கொடுக்கவில்லை. அதன் பலனாக அந்நாடு எத்தனை வருஷம் இரத்தத்தில் மிதந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பாகிஸ்தான் கொடியிலும் கம்பத்தை ஒட்டி வெள்ளைப் பட்டை ஒன்று சிறுபான்மையோருக்கென்று இருக்கிறது. பட்டை இருந்துவிட்டால் பயமில்லாத வாழ்வு வந்துவிடுமா என்று அங்குள்ள சிறுபான்மையோரைத்தான் கேட்க வேண்டும்.

நம் கொடி வந்த கதை

இப்பொழுது நம் நாட்டுக்கு வருவோம். 1921-இல் பெஜவாடாவில் பிங்கலி வெங்கையா என்பவர் காந்தியாரிடம் சிவப்பும் பச்சையுமாக ஒரு கொடியைக் கொடுத்தார். சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு என்பது கணக்கு. மற்ற மதத்தாருக்காக வெள்ளையும், நடுவில் இராட்டையும் சேரட்டும் என்றார் காந்தியார். பிறகு சீக்கியர்கள் தங்களுக்கும் ஒரு நிறம் வேண்டும் என்று கேட்டார்கள். இந்தத் தகராறைத் தீர்க்க 1931-இல் காங்கிரஸ் கமிட்டி வைத்து, கடைசியில் காவி, வெள்ளை, பச்சை என்று நிறத்தை அமைத்து, ‘இனி இவைகளுக்கு மதப்பொருள் கிடையாது’ என்று தீர்மானம் செய்தது.

தோழர்களே! இந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அதே காலத்தில் நம் மாகாணத்தில் பார்ப்பனரல்லாதார், ஆதிதிராவிடர், முஸ்லிம், கிறிஸ்தவர் ஆகியோருக்கு உத்தியோகத்தில் விகிதாசாரம் வேண்டும் என்று நம் இயக்கம் கேட்டது. முத்தையா முதலியார் மந்திரியாயிருந்து 1928-இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதற்குத் தேசியப் பத்திரிகைகள் வைத்த பெயர் ‘வகுப்புவாதம்’! துணியிலே மதத்துக்கு மதம் முழம் போட்டுப் பங்கு பிரித்தால் அது தேசியம். சோற்றிலே பங்கு கேட்டால் அது வகுப்புவாதமா? நிறத்திலே பங்கு கிடைத்தவன் வயிறு நிறையுமா?

1947-இல் அரசியல் நிர்ணய சபை கொடிக்காக ஒரு கமிட்டியை அமைத்தது. இராஜேந்திர பிரசாத் தலைவர். அண்ணல் அம்பேத்கரும் அதில் ஓர் அங்கத்தினர். 1947 ஜூலை 22-ஆம் தேதி சபை இப்போதுள்ள கொடியை ஒப்புக்கொண்டது. இராட்டை போய், சாரநாத்தில் உள்ள அசோகன் தூணின் சக்கரம், 24 ஆரங்களோடு, கருநீலத்தில் வந்தது. பையனே, நீ கேட்க மறந்த கேள்விக்கு விடை இதுதான்: வேள்வியில் உயிர்ப்பலி கூடாது என்று கல்லில் வெட்டி வைத்த பௌத்த மன்னனின் சக்கரம் அது. காவிக்குத் துறவு, வெள்ளைக்கு உண்மை, பச்சைக்கு மண்ணோடு உள்ள உறவு என்று இராதாகிருஷ்ணன் அந்தச் சபையில் பொருள் சொன்னார். 1921-இல் ஒரு பொருள், 1931-இல் ஒரு பொருள், 1947-இல் ஒரு பொருள்! நாம் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மனிதன் வைத்த பொருளை மனிதன் மாற்றிக் கொள்ளலாம் என்பதற்கு உதாரணமாகவே சொல்லுகிறோம். சாஸ்திரத்தையும் இப்படியே மாற்றுங்கள் என்றால் மாத்திரம் ஏன் கோபம் வருகிறது?

கறுப்பு என்றால் என்ன?

மற்றவர் கொடியைப் பரிசோதிக்கிற நாம் நம் கொடியையும் பரிசோதிக்க வேண்டாமா? நம் ஜில்லாவுக்கு இதில் தனிப் பாத்தியதை உண்டு. நாமக்கல் 1997-இல்தான் தனி ஜில்லாவாயிற்று. அதற்கு முன் நாமெல்லோரும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவர்களே. அந்தச் சேலத்தில்தான் 1944 ஆகஸ்டு 27-இல் நீதிக் கட்சி, திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றிக் கொண்டது. 1946-இல் கழகத்துக்குக் கறுப்புத் துணியின் நடுவே சிவப்பு வட்டம் என்று கொடி வகுக்கப்பட்டது. கறுப்பு, நம் மக்கள் மீது சுமத்தப்பட்டிருக்கும் இழிவுக்கு. சிவப்பு, அந்த இழிவைப் போக்கும் முயற்சிக்கு. முதல் மாதிரியைச் செய்தபோது தோழர் கருணானந்தம் தம் விரலைக் குத்தி அந்த இரத்தத்தால் வட்டமிட்டார் என்று இயக்கத்தார் சொல்லுவார்கள்.

1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்து இராஜாஜி மந்திரிசபைக்குக் காட்டியதும் கறுப்புக் கொடியே. 1971 ஜனவரியில் சேலத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்தபோது ஜனசங்கத்தார் பெரியாருக்குக் காட்டியதும் கறுப்புக் கொடியே! கறுப்புக் கொடியைத் தன் கொடியாக வைத்திருப்பவருக்கே கறுப்புக் கொடி! அவர்களுக்கு அது எதிர்ப்பு. ஊர்வலத்தில் போன நம்மவர்களுக்கு அது வரவேற்பு. ஒரே துணி, ஒரே தெரு, ஒரே நாள். பிடித்தவன் யார், எதற்காகப் பிடித்தான் என்று கேட்காமல் எந்தக் கொடியையும் அடையாளம் காண முடியாது என்பதற்கு நம்மூர்ப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது.

இங்கே நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் கொடிக்கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொள்ளும் தோழர்களை நாம் பார்த்திருக்கிறோம். இரத்தத்தால் வட்டமிட்ட கதையைச் சொல்லி அதைப் புராணமாக்கப் பார்ப்பவர்களையும் பார்த்திருக்கிறோம். இது வேண்டாம். இரத்தம் சிந்தினதால் துணி புனிதமாகாது. எதற்காகச் சிந்தினார்கள் என்பதை நினைப்பதே மரியாதை. கல்லைக் கும்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கம்பத்தைக் கும்பிட்டால், கோயிலை விட்டு வந்தவன் வேறு கோயிலுக்குப் போனவன்தானே ஆகிறான்?

துணியா, மனிதனா?

ஆகஸ்டு 15-ஆம் தேதியிலும் ஜனவரி 26-ஆம் தேதியிலும் நம் ஊர்ப்பக்கங்களில் தேசியக் கொடிக்கம்பத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, பூசாரியைக் கூப்பிட்டு மணியடித்துக் கொடியேற்றும் இடங்கள் உண்டு. எல்லா மதத்தாருக்கும் பொதுவான கொடி என்று சட்டமும் தீர்மானமும் சொல்லுகின்றன. அந்தக் கொடிக்குத் தேங்காய் உடைக்கும்படி எந்தக் கொடி விதியும் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கும் முஸ்லிம் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் நம்மைப் போன்ற நாஸ்திகன் பிள்ளையும் அந்தக் கற்பூரத் தட்டைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று யாராவது யோசித்தது உண்டா?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கொடியைப் பகிரங்கமாகக் கொளுத்தினால் 1971-ஆம் வருஷச் சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறை. அதே கொடி கிழிந்து நைந்து போனால், அதை மறைவான இடத்தில் மரியாதையோடு எரித்துவிடுவது நல்லது என்று 2002-ஆம் வருஷக் கொடி விதி சொல்லுகிறது. துணியும் ஒன்று, நெருப்பும் ஒன்று. ஒன்று குற்றம், ஒன்று மரியாதை. ஆகவே மானமும் அவமானமும் துணியில் இல்லை, மனிதன் எண்ணத்தில் இருக்கின்றது என்று சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது! 1955 ஆகஸ்டு 1-இல் தேசியக் கொடியைக் கொளுத்துவோம் என்று பெரியார் அறிவித்தபோது நாடே நடுங்கிற்று. அவர் கேட்டது இந்தித் திணிப்பு இல்லை என்று ஒரு வாக்குறுதி. காமராசர் அந்த வாக்குறுதியைக் கொடுத்தார், பெரியார் கிளர்ச்சியை ஒத்திவைத்தார். துணியின் மீது அவருக்கு விரோதமும் இல்லை, பக்தியும் இல்லை. மக்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதே அவருக்குக் கணக்கு. இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. கொடியை யாரும் அவமதிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கொடியின் பெயரால் மனிதனை அவமதிக்காதே என்றுதான் சொல்லுகிறோம்.

கயிறு யார் கையில்?

இப்பொழுது விஷயத்தின் முடிச்சுக்கு வருவோம். கொடி தானாக ஏறுவதில்லை. அதற்கு ஒரு கயிறு உண்டு. அந்தக் கயிற்றைப் பிடிக்கும் கை யாருடையது என்பதில்தான் சுயராஜ்யம் இருக்கிறது.

1974-க்கு முன் சுதந்திர தினத்தில் மாகாணங்களில் கோட்டைக் கொடியை ஏற்றியவர் கவர்னர். ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதன்மந்திரி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது! இது சரியா என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி கேட்டார். அதன் பேரில் 1974 ஆகஸ்டு 15 முதல் இந்தியாவிலுள்ள எல்லா முதலமைச்சர்களும் அந்நாளில் கொடியேற்றும் உரிமை பெற்றார்கள். நியமனம் பெற்றவர் கையிலிருந்த கயிறு, ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர் கைக்கு வந்தது. இது சிறிய விஷயம் என்று யார் சொன்னாலும் நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

ஆனால் கோட்டைக்கு வந்த கயிறு கிராமத்துக்கு வந்ததா? 2020 ஆகஸ்டு 15-இல் திருவள்ளூர் ஜில்லா ஆத்துப்பாக்கம் ஊராட்சியில், தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆதிதிராவிட வகுப்புப் பெண்மணி கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். அவர் சுதந்திரத்தைக் கேட்கவில்லை, ஆஸ்தியைக் கேட்கவில்லை. சட்டம் கொடுத்த கயிற்றைக் கேட்டார். விஷயம் பத்திரிகைகளில் வெளிவந்த பிறகு, ஐந்து நாள் கழித்து, ஜில்லா கலெக்டர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். இது ஏதோ ஓர் ஊரில் நடந்த ஒரு தவறு என்று சமாதானம் சொல்லலாமா என்றால், முடியாது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளரே எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் எழுதி, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்கள் ஜாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதிப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட நேர்ந்தது. வெள்ளைக்காரன் போய் 75 வருஷம் ஆன பிறகு, சொந்த நாட்டில், சொந்தக் கொடியை, சொந்த ஊரில் ஏற்ற ஒருவனுக்குக் கலெக்டர் காவல் வேண்டியிருக்கிறதென்றால் அந்தச் சக்கரம் சுழலுகிறதா, நிற்கிறதா?

11 ஜனவரி 1932-இல் திருப்பூர் குமரன் செத்தது அந்தக் கொடியைக் கையில் பிடித்ததற்காக. போலீஸ்காரன் தடி அவர் தலையைப் பிளந்தது. அதை இன்றைக்கும் பள்ளிக்கூடப் பாடத்தில் பிள்ளைகள் படிக்கின்றார்கள். அந்நியன் கொடியைப் பிடிக்கவிடாமல் தடுத்தால் அது கொடுமை. சொந்த ஊர்க்காரன் ஜாதியைச் சொல்லித் தடுத்தால் அது வழக்கமா? குமரனுக்குச் சிலை வைத்தவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கோயிலுக்குள் விடாதே என்றவன், குளத்தில் இறங்காதே என்றவன், நாற்காலியில் உட்காராதே என்றவனேதான் ‘கயிற்றைத் தொடாதே’ என்கிறான். கொடியைக் கம்பத்திலேற்றிக் கற்பூரம் காட்டிச் சாமியாக்கிவிட்டால், சாமிக்கு இருக்கிற தீட்டு அதற்கும் வந்துவிடுகிறது. எது சாமியாகிறதோ அதைத் தொட ஒருவனுக்கு யோக்கியதையும் மற்றொருவனுக்கு அயோக்கியதையும் உண்டாகிவிடும். இதனால்தான் கொடியைக் கொடியாக, அடையாளமாக, எல்லோருக்கும் பொதுவான துணியாக வைத்திருங்கள் என்கிறோம். கொடிபக்தி கூடாது என்று நாம் சொல்லுவது தேசத் துரோகமல்ல. தீட்டு நுழையும் வாசலை அடைக்கிற வேலை.

செய்ய வேண்டியது

ஆகவே சேந்தமங்கலத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள தோழர்களுக்கு நாம் சொல்லுவது இது. உங்கள் பிள்ளைகள் சுவர்ப்படத்தைப் பார்த்துக் கொடிகளை அடையாளம் சொல்லட்டும், நல்லது. பெயரைச் சொன்னவுடன் கை தட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். இந்த நிறம் யாருக்கு, இந்தச் சின்னம் எப்போது வந்தது, எதை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள் என்று கேளுங்கள். தெரியாவிட்டால் நூல்நிலையத்துக்கு அழைத்துப் போய்த் தேடச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை ஒரு கொடியின் கதையை இப்படித் தேடிக் கண்டுபிடித்தால், நூறு கொடியின் பெயரை ஒப்பிப்பதைவிட அது மேலான படிப்பு.

அடுத்த ஆகஸ்டு 15-இல் உங்கள் ஊர்க் கம்பத்தண்டை போய் நில்லுங்கள். காவி மேலே இருக்கிறதா, சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்க்க அதிகாரிகள் இருக்கிறார்கள். நீங்கள் கீழே பாருங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கையில் கயிறு இருக்கிறதா? அவர் பெண்ணாயிருந்தால் அவர் கையிலேயே இருக்கிறதா, அவர் புருஷன் கைக்குப் போயிருக்கிறதா? அவர் ஆதிதிராவிடராயிருந்தால் முன்வரிசையில் நிற்கிறாரா, ஓரத்தில் நிற்கிறாரா? கொடியேறியதும் கொடுக்கிற மிட்டாய் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் ஒரே வரிசையில் கிடைக்கிறதா? தவறு கண்டால் அங்கேயே, மரியாதையாக, எல்லோர் காதிலும் விழும்படி கேளுங்கள். கேட்டும் நடக்காவிட்டால் கலெக்டருக்கு எழுதுங்கள். 2022-ஆம் வருஷக் கடிதம் உங்கள் பக்கம் இருக்கிறது.

கொடியைக் கண்டு நாட்டின் பெயரைச் சொல்லச் சுவர்ப்படம் போதும். நாடு எப்படிப்பட்டது என்று சொல்லக் கயிற்றைப் பிடித்திருக்கும் கையைப் பார்க்க வேண்டும். புத்தகக் கடை வாசலில் நின்ற அந்தப் பையன் பெரியவனாகும்போது, அவனை யாராவது ‘உன் நாட்டுக் கொடி எது?’ என்று கேட்டால், நிறத்தை மாத்திரம் சொல்லாமல், ‘எங்கள் ஊரில் யார் வேண்டுமானாலும் ஏற்றக்கூடிய கொடி’ என்று அவன் சொல்லும்படி செய்ய வேண்டியது நம் வேலை.